உயர்நிலைப் பாடசாலையில் பிள்ளையின் கற்றல் தன்னம்பிக்கை

ஆரம்பப் பாடசாலையில் முன்னணியில் நின்ற பிள்ளை, ஆறாம் ஆண்டில் தெரிவுப் பரீட்சை எழுதி, ஏழாம் ஆண்டில் தெரிவுநிலை உயர்நிலைப் பாடசாலை ஒன்றில் சேர்கிறது. குடும்பம் மகிழ்கிறது. ஆனால் புதிய வகுப்பில் எல்லோரும் முன்னணியில் நின்றவர்களே. சில மாதங்களில் "எனக்குக் கணிதம் வராது" என்று அப்பிள்ளை சொல்லத் தொடங்கலாம். அதன் ஆற்றல் குறைந்துவிடவில்லை. அது தன்னை ஒப்பிட்டுப் பார்க்கும் கூட்டம் மாறிவிட்டது.

சிட்னியில் நீண்டகாலம் பணியாற்றிய கல்வி உளவியலாளர் ஹெர்பர்ட் மார்ஷ், இதுபற்றிய ஆய்வை 1984இல் இன்னொருவருடன் இணைந்து வெளியிட்டார். சமமான திறமையுள்ள இரு மாணவர்களில், சராசரித் தரம் உயர்ந்த பாடசாலையில் பயில்பவர் தம் திறனைக் குறைத்து மதிப்பிடும் போக்கு உண்டு என்பது அவரது முடிபு. "சிறிய குளத்துப் பெரிய மீன்" என்னும் உவமையால் அறியப்படும் இப்போக்கு, பின்னர் பல நாடுகளிலும் காணப்பட்டது. தெரிவுநிலைப் பாடசாலையைத் தவிர்க்க இது ஒரு காரணம் ஆகாது. எனினும், அங்கு செல்லும் பிள்ளைக்கு இதனை முன்கூட்டியே விளக்கிவைப்பது நன்று.

பிள்ளைகள் தம் பாடங்களையும் ஒன்றோடொன்று ஒப்பிடுகின்றனர். கணிதத்தில் மிகச் சிறந்து விளங்கும் மாணவி, ஆங்கிலத்தில் நல்ல புள்ளி பெற்றும், "ஆங்கிலம் என் பாடம் அன்று" என்று கருதக்கூடும். வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைகள் விடயத்தில் பெற்றோரே அவ்வாறு சொல்லிவிடுவதும் உண்டு. அது தேவையற்ற முத்திரை.

இவ்வெண்ணங்கள் பத்தாம் ஆண்டில் உண்மையான விளைவைத் தருகின்றன. பதினோராம் ஆண்டுக்கான பாடங்களை மாணவர் அப்போதே தெரிவுசெய்கின்றனர். கணிதத்தில் ஸ்டாண்டர்ட், அட்வான்ஸ்ட், அதற்கு மேல் எக்ஸ்டென்ஷன் என நிலைகள் உள்ளன. நம்பிக்கை தளர்ந்த பிள்ளை தன்னால் இயன்றதைவிட எளிய நிலையைத் தேர்ந்துகொள்ளலாம். ஆகவே தெரிவுப் படிவத்தில் கையொப்பமிடுமுன், பிள்ளையின் இரண்டு ஆண்டு அறிக்கைகளையும் பரீட்சைத் தாள்களையும் பாட ஆசிரியருடன் இருந்து பாருங்கள். வகுப்பில் எத்தனையாவது இடம் என்று கேட்பதைவிட, எந்தப் பகுதியை விளங்கியிருக்கிறது, எதில் தடுமாறுகிறது என்று கேளுங்கள்.

தன்னம்பிக்கைக்கு வலிமையான ஊற்று, கடினமான ஒன்றைத் தானே செய்து முடித்த அனுபவம் என்று உளவியலாளர் ஆல்பர்ட் பந்துரா விளக்கினார். தம்மையொத்த ஒருவர் வெற்றி பெறுவதைக் காண்பதும் உதவும். எனவே அதே பாடசாலையில் பயின்ற அண்ணனோ அக்காவோ தாம் தடுமாறிய கதையைச் சொல்வது, வீட்டாரின் அறிவுரையைவிட எடுபடும். "நீ கெட்டிக்காரி" என்னும் பொதுப் புகழ்ச்சி, அடுத்த பரீட்சையில் புள்ளி குறைந்தவுடன் பொய்யாகிவிடுகிறது. "சென்ற தவணையில் இவ்வகைக் கணக்கைத் தொடவே தயங்கினாய், இப்போது நீயே செய்கிறாய்" என்பது நிற்கும். மாமா மகளின் பெறுபேற்றை இரவு உணவின்போது எடுத்துரைப்பதால் எவரும் படித்ததாகத் தெரியவில்லை.

பன்னிரண்டாம் ஆண்டின் முடிவில் வரும் ஏட்டார் எண்ணும் பலரைக் கலங்கவைக்கிறது. அது நூற்றுக்கு இத்தனை என்னும் புள்ளி அன்று, 99.95 வரை செல்லும் தரவரிசை. 80 பெற்ற மாணவர், தம் வயதொத்தோரில் ஏறத்தாழ முதல் 20 விழுக்காட்டினருள் ஒருவர். இலங்கையின் இசட் புள்ளியை அறிந்த பெற்றோருக்கு இக்கருத்து புதிதன்று. டேஃப் வழியாகவும் பல்கலைக்கழகம் செல்ல இயலும் என்பதைப் பிள்ளை முன்னரே அறிந்திருத்தல் அச்சத்தைத் தணிக்கும்.

அரச பாடசாலை ஆசிரியருடன் தமிழில் உரையாட விரும்பினால், 131 450 என்னும் தொலைபேசி உரைபெயர்ப்புச் சேவையை அழைத்து, தமிழ் உரைபெயர்ப்பாளரைக் கேளுங்கள். பாடசாலையுடன் இணைத்துவிடுவார்கள், பெற்றோரிடம் கட்டணம் அறவிடப்படுவதில்லை. உறக்கமின்மை, பாடசாலை செல்ல மறுத்தல் போன்றவை தொடர்ந்தால் பாடசாலை உளவளத் துணையாளரைச் சந்திக்க நேரம் கேளுங்கள். 5 முதல் 25 வயது வரையானோர், கிட்ஸ் ஹெல்ப்லைன் சேவையை 1800 55 1800 என்னும் இலக்கத்தில் எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம்.