நான்கு மணித் தேநீரும் பழைய பீங்கானும்

ஆங்கிலேயர் ‘ஆஃப்டர்நூன் டீ’ என்று சொல்வது முழுச் சாப்பாடும் அல்ல, வெறும் தேநீரும் அல்ல. மதிய உணவுக்கும் இரவு உணவுக்கும் நடுவே, நான்கு மணியை ஒட்டி, வீட்டுக்கு வந்தவர்களுக்குக் கொடுக்கும் சிறு விருந்து அது. விரல் அகலத்துக்கு நறுக்கிய சாண்ட்விச், ஸ்கோன் என்னும் சிறு ரொட்டி, ஒரு துண்டு கேக், கெண்டி நிறையத் தேநீர். பட்டியல் இவ்வளவுதான். சமையல் திறமையைக் காட்ட இதில் பெரிய வாய்ப்பில்லை; செலவும் அதிகமில்லை. விருந்துக்கு விருந்தின் களை வருவது மேசைமேல் இருக்கும் பாத்திரங்களால். அதனால்தான் இதன் கதையைச் சொல்லப் புகுந்தால் பாதிக் கதை பீங்கானின் கதையாகிவிடுகிறது.

தேயிலை இங்கிலாந்துக்கு வந்தது 17ஆம் நூற்றாண்டின் நடுவில். 1662இல் மன்னர் இரண்டாம் சார்லஸை மணந்த போர்த்துகீசிய இளவரசி கேத்தரின் தேநீர்ப் பழக்கத்தை அரண்மனைப் பெண்களிடையே பரப்பினார். அன்று அது பணக்காரர் பண்டம். தேயிலைப் பெட்டிக்குப் பூட்டு உண்டு. சாவி வீட்டு எஜமானியிடம் இருக்கும். சுமார் 119 சதவீதமாக இருந்த தேயிலை வரியை 1784இல் பிரதமர் இளைய வில்லியம் பிட் 12.5 சதவீதமாகக் குறைத்தார். கள்ளக் கடத்தலில் லாபம் இல்லாமல் போயிற்று. தேநீர் நடுத்தர வீடுகளுக்கு வந்து, பிறகு தொழிலாளர் வீடுகளுக்கும் போய்ச் சேர்ந்தது.

மாலைத் தேநீரை ஒரு வழக்கமாக்கியவர் என்று பெட்ஃபோர்டு பிரபுவின் மனைவி அன்னா மரியா ரஸ்ஸல் பெயரைச் சொல்வார்கள். காலம் 1840 வாக்கில். மேட்டுக்குடி வீடுகளில் இரவுச் சாப்பாடு எட்டு மணிவரை தள்ளிப்போய்விட்டது. மதியத்திலோ ஏதோ கொறிப்பார்கள். மாலையில் சோர்வு தட்டவே, தேநீரும் ரொட்டியும் வெண்ணெயும் தன் அறைக்கு வரவழைத்துக்கொண்ட அந்த அம்மாள், போகப் போகத் தோழிகளையும் கூட்டிக்கொண்டார். மாலையில் தேநீர் குடித்த முதல் ஆள் அவராக இருக்க முடியாது. ஆனால் விக்டோரியா மகாராணியின் அந்தரங்கத் தோழியர் குழுவில் இருந்தவர் செய்வதைப் பிறர் பின்பற்றுவது இயல்புதானே.

விரைவில் இதற்கு ஒரு முறைமை ஏற்பட்டது. வசதியான வீட்டுப் பெண்கள் வாரத்தில் ஒரு நாளைக் குறித்து, அன்று மாலை தாம் வீட்டில் இருப்பதாக அட்டை அச்சிட்டுக் கொடுத்தார்கள். வருகிறவர்கள் கால்மணி நேரம் இருந்துவிட்டுக் கிளம்பலாம். சட்டதிட்டங்கள் நிறைந்த இரவு விருந்தைவிட இது எளிது. கணவனின் தயவும் வேண்டாம், சமையற்காரரின் பெரும் உழைப்பும் வேண்டாம். 1870களில் ‘டீ கவுன்’ என்ற தளர்வான உடை வந்தது. இடுப்பை இறுக்கும் கச்சு இல்லாமல் விருந்தினர் முன் உட்கார அது இடங்கொடுத்தது. தேநீர் விருந்து பெண்களுக்கு ஏன் அவ்வளவு பிடித்துப்போயிற்று என்பதற்கு இந்த உடை ஒன்றே போதிய விளக்கம்.

‘ஹை டீ’ என்பது வேறு. ஆலையிலிருந்து திரும்பிய தொழிலாளர் குடும்பம், ஆறு மணிக்குச் சாப்பாட்டு மேசையில் இறைச்சியும் ரொட்டியும் தேநீருமாக வயிறாரச் சாப்பிடுவது அது. ஓட்டல்கள் இன்று அந்தப் பெயரை ஆடம்பர விருந்துக்குச் சூட்டுவது பெயர்க் குழப்பம்தான்.

இனி பாத்திரங்கள். சீனாவிலிருந்து வந்த முதல் கோப்பைகளுக்குக் கைப்பிடி கிடையாது. அவை சிறு கிண்ணங்கள். கப்பலின் அடித்தளத்தில் பீங்கானை அடுக்கி, மேலே தேயிலையை ஏற்றுவார்கள். கடல்நீர் கசிந்தாலும் பீங்கானுக்கு ஒன்றும் ஆகாது, தேயிலை நனையாமல் தப்பும். கோப்பையோடு வந்த சாசரில் தேநீரை ஊற்றி ஆற்றிக் குடிப்பதும் இங்கிலாந்தில் பல காலம் சாதாரணம். டவராவில் ஊற்றிக் காபி ஆற்றுகிற கைக்கு அது விளங்கும். நாகரிகம் தெரிந்தவர்கள் அதை மட்டமாக நினைக்கத் தொடங்கியதெல்லாம் பிற்பாடு.

சீனப் பீங்கானின் ரகசியம் ஐரோப்பாவுக்கு நெடுநாள் பிடிபடவில்லை. ஜெர்மனியின் மைசென் நகரில் 1710இல் முதல் ஆலை எழுந்தது. இங்கிலாந்தில் வேறு வழி தேடினார்கள். ஸ்டாஃபோர்ட்ஷயரில், இன்று ஸ்டோக்-ஆன்-ட்ரென்ட் எனப்படும் குயவர் ஊர்களின் தொகுதியில், ஜோசையா வெட்ஜ்வுட் பாலாடை நிற மண்பாண்டத்தை மெருகேற்றி எடுத்தார். 1765இல் அரசி சார்லட் அதில் ஒரு தேநீர் செட் வாங்கியதும், ‘குயின்ஸ் வேர்’ என்று பெயரிட்டு விற்றார். வியாபாரத்தில் அவர் கில்லாடி. அவர் செய்த கறுப்புக் கெண்டிகளும் நன்றாக விற்றன. அவற்றைப் பிடித்து ஊற்றும் சீமாட்டியின் கை இன்னும் வெளுப்பாகத் தெரியும் என்பது காரணம்.

அதே வட்டாரத்தில் ஸ்போட் குடும்பத்தார் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் போன் சைனாவை நிலையான ஒரு கலவைக்குக் கொண்டுவந்தார்கள். பெயர் சொல்வது உண்மைதான்: கலவையில் ஏறக்குறையப் பாதி, மாட்டெலும்பைச் சுட்டுப் பொடித்த சாம்பல். மீதி கேயோலின் என்னும் வெண்களிமண்ணும் கார்ன்வால் பகுதிக் கல்லும். எலும்புச் சாம்பல் சேர்ந்ததால் பீங்கான் வெண்மையாயிற்று. மெல்லியதாக வார்த்தாலும் உறுதி குறையவில்லை. வெளிச்சத்துக்கு நேரே கோப்பையைப் பிடித்தால் மறுபக்கம் விரல் நிழலாடும். ஆங்கிலத் தேநீர் மேசையின் அடையாளமாகிவிட்ட அந்த மென்மை கசாப்புக் கடைக் கழிவிலிருந்து வந்தது.

சித்திரம் தீட்டும் செலவைக் குறைத்தது இன்னொரு உத்தி. செப்புத் தகட்டில் செதுக்கிய படத்தை மெல்லிய காகிதத்தில் எடுத்து, அதைக் கோப்பையின்மேல் ஒட்டித் தேய்த்தால் மை இறங்கிவிடும். மேலே மெருகு பூசிச் சுடுவார்கள். நீல நிறத்தில் இதை ஸ்போட் 1784இல் கைவரச் செய்தார். பெயர்பெற்ற வில்லோ சித்திரம் பரவியது இப்படித்தான். பாலம், வில்லோ மரம், பாலத்தில் மூன்று உருவங்கள், மேலே இரண்டு புறாக்கள் என்றிருக்கும் அந்தப் படத்துக்கு, காதலர் இருவர் புறாக்களாக மாறிய சீனக் கதை ஒன்று சொல்லப்படுவதுண்டு. படமும் சீனத்தது அல்ல, கதையும் சீனத்தது அல்ல. இரண்டும் இங்கிலாந்தில் பிறந்தவை. கதை படத்துக்குப் பிறகு கட்டப்பட்டது.

சர்க்கரைக் கிண்ணத்துக்கு ஓர் அரசியல் உண்டு. கரீபியத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களில் ஆப்பிரிக்க அடிமைகள் உழைத்து வந்த சர்க்கரையை, 1791 முதல் பல ஆங்கிலக் குடும்பங்கள் மறுத்தன. அடிமைகள் செய்யாத இந்தியச் சர்க்கரை இது என்று பொறித்த கிண்ணங்கள் 1820களில் விற்கப்பட்டன. விருந்தினர் கண்ணில் படும் இடத்தில் கொள்கையை வைப்பதற்குத் தேநீர் மேசை வசதியாக இருந்தது. தேயிலையைப் பறித்த கைகளைப் பற்றி அந்த மேசையில் அவ்வளவு பேச்சு எழவில்லை. 1867இல் தோட்டக்காரர் ஜேம்ஸ் டெய்லர் இலங்கையின் லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்ட பிறகு, இலையில் துருநோய் தாக்கி அந்நாட்டின் காபித் தோட்டங்கள் அழிந்தன. மலைநாடு தேயிலைக்கு மாறியது. தமிழகத்து மாவட்டங்களிலிருந்து கங்காணிகள் திரட்டிக்கொண்டுபோன குடும்பங்களே அங்கே கொழுந்து பறித்தன. மலையகத் தமிழரின் அந்த முன்னோர் உழைப்பில் லண்டன் தேநீர் மலிவாயிற்று. மலையகத் தமிழரில் பெரும்பாலோரின் குடியுரிமையை 1948இல் சுதந்திர இலங்கையின் சட்டம் பறித்ததும் இதே கதையின் தொடர்ச்சி.

இரண்டாம் உலகப் போர் மேசையை வெறுமையாக்கியது. 1940 ஜூலையில் தேயிலைக்கு ரேஷன் வந்தது: ஆளுக்கு வாரம் 2 அவுன்ஸ், அதாவது சுமார் 57 கிராம். உள்நாட்டு விற்பனைக்குப் பூவேலைப் பீங்கான் கூடாது என்று 1942இல் தடையும் விழுந்தது. சித்திரப் பாத்திரமெல்லாம் டாலர் ஈட்டக் கப்பலேறின. இரண்டு கட்டுப்பாடுகளும் 1952இல்தான் நீங்கின. பத்தாண்டுகள் வெள்ளைக் கோப்பையையே பார்த்துச் சலித்த கண்களுக்குப் பிறகு எவ்வளவு பூ வரைந்தாலும் போதவில்லை. சிவப்பும் மஞ்சளுமாக ரோஜாக்கள் அப்பிய, தங்க விளிம்பிட்ட ராயல் ஆல்பர்ட்டின் ‘ஓல்ட் கன்ட்ரி ரோசஸ்’ 1962இல் வந்து 10 கோடிக்கு மேல் விற்றது. ரசனை உள்ளவர்கள் முகம் சுளித்ததுண்டு. பாட்டிமார் சேர்த்து வைத்தார்கள்.

திருமணப் பரிசாக வந்து கண்ணாடி அலமாரியில் பூட்டிக் கிடந்த அந்தச் செட்டுகள் இப்போது பேரப்பிள்ளைகள் கைக்கு வந்திருக்கின்றன. தேநீர்ப் பையும் கைப்பிடிக் குவளையும் அன்றாடம் ஆகிவிட்டதால் வேண்டாதவர்கள் தொண்டு நிறுவனக் கடைகளில் கொடுத்துவிடுகிறார்கள். ஸ்போட் ஆலையே 2008இல் ஸ்டோக்கில் மூடப்பட்டது. ஆகவே பழைய கோப்பை வாங்க இது நல்ல காலம். வழக்கமான செட்டில் 21 உருப்படிகள்: ஆறு கோப்பை, ஆறு சாசர், ஆறு சிறு தட்டு, பால் ஜாடி, சர்க்கரைக் கிண்ணம், ரொட்டித் தட்டு. கெண்டி இதில் சேராது. அதைத் தனியாக வாங்க வேண்டும். பழைய கடைகளில் கோப்பைகள் மலிவாகவும் அதே சித்திரத்தில் கெண்டி விலையாகவும் இருப்பது இதனால்தான். முழுச் செட்டைத் தேடி அலைய வேண்டியதில்லை. வெவ்வேறு சித்திரத்துக் கோப்பைகளைக் கலந்து வைப்பதே இன்றைய பாங்கு. அளவு ஏறக்குறைய ஒத்திருந்தால் போதும். ஒவ்வொருவருக்கும் ஒரு கோப்பை என்று ஆகிவிடுவதால் யாருடையது எது என்ற குழப்பமும் வராது.

காலத்தை அடியில் உள்ள முத்திரை சொல்லும். வைர வடிவக் குறி இருந்தால் 1842க்கும் 1883க்கும் இடைப்பட்ட வடிவமைப்பு. 1884 முதல் பதிவெண் வந்தது. ‘இங்கிலாந்து’ என்ற நாட்டுப் பெயர் பெரும்பாலும் 1891க்குப் பிந்தையது. அமெரிக்காவுக்கு அனுப்பும் சரக்கில் நாட்டின் பெயர் வேண்டும் என்ற சட்டம் அங்கே அந்த ஆண்டு அமலுக்கு வந்தது. ‘இங்கிலாந்தில் செய்தது’ என்று முழுதாக இருந்தால் 20ஆம் நூற்றாண்டு என்று கொள்ளலாம். விரல் நகத்தால் விளிம்பைச் சுண்டினால் நல்ல கோப்பை கணீர் என்னும். விரிசல் விட்டது மொத்தென்று ஒலிக்கும். பழைய மெருகிலும் வண்ணத்திலும் ஈயம் இருக்கக்கூடும். மெருகு நுணுக்கமாக விண்டுபோன பாத்திரத்தில் எலுமிச்சைத் தேநீர், ஊறுகாய் போன்ற புளிப்புகளை வைக்காமல் அலங்காரத்துக்கு ஒதுக்கிவிடுவது நல்லது.

இந்த விருந்துக்கு வாய்த்த பருவம் இளவேனில். நீண்ட குளிர்காலத்துக்குப் பின் மார்ச் கடைசி ஞாயிறன்று பிரிட்டனில் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளுவார்கள். நான்கு மணி விருந்து முடிந்த பிறகும் வெளிச்சம் மிச்சம் இருக்கும். தவக்காலத்து நான்காம் ஞாயிறு அன்னையர் தினம். அதற்கும் ஈஸ்டருக்கும் உரியது சிம்னல் கேக். உலர்பழக் கேக்கின்மேல் பாதாம் விழுது போர்த்தி, அதே விழுதில் பதினோரு உருண்டைகளை வைப்பார்கள். யூதாஸ் நீங்கலான இயேசுவின் சீடர்களைக் குறிப்பவை அவை. யார்க்‌ஷயரில் இருட்டுக் கொட்டகைக்குள் வளர்த்து மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பறிக்கும் இளஞ்சிவப்பு ரூபார்ப் தண்டின் காலமும் மார்ச்சோடு முடியும்; அதைச் சர்க்கரையில் வேகவைத்துக் கேக்கோடு பரிமாறுவார்கள். சாண்ட்விச்சுக்கு வெள்ளரி, முட்டையும் இளங்கீரையும், முள்ளங்கி. வெள்ளரித் துண்டில் உப்புத் தூவி, நீரை வடித்துவிட்டு வைத்தால்தான் ரொட்டி நசநசக்காது.

மேசைக்குப் பூ வேண்டும். மூடி தொலைந்த கெண்டி, விளிம்பு உடைந்த பால் ஜாடி ஆகியவை இதற்கு மறுபடி வேலைக்கு வரும். டாஃபடில் அழகுதான், ஆனால் நச்சுச் செடி; உணவைத் தொடும் இடத்தில் வைக்கக்கூடாது. கேக்கின்மேல் வைக்க, முட்டை வெண்கருவும் சர்க்கரையும் தோய்த்து உலர்த்திய பிரிம்ரோஸ், வயலெட் இதழ்கள் உண்டு. மூன்றடுக்குத் தட்டில் கீழே சாண்ட்விச், நடுவில் ஸ்கோன், மேலே இனிப்பு. கீழிருந்து மேலே சாப்பிட்டுப் போவது முறை. ஸ்கோனைக் கையால் பிட்டு, பாலைச் சூடாக்கி மேலே திரளும் கெட்டி ஆடையையும் ஜாமையும் தடவுவார்கள். டெவன்காரர் ஆடையை முதலிலும், கார்ன்வால்காரர் ஜாமை முதலிலும் வைப்பார்கள். இதில் சமரசம் இல்லை.

பால் முதலிலா தேநீர் முதலிலா என்பதும் தீராத சண்டை. எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல் 1946இல் பத்திரிகைக் கட்டுரை ஒன்றில் தேநீரே முதலில் என்று அடித்துச் சொன்னார். தேநீர் மாதிரியைச் சுவைத்துப் பார்ப்பதற்கான உலகத் தர அமைப்பின் 1980ஆம் ஆண்டு விதியோ பாலை முதலில் ஊற்றச் சொன்னது. வீட்டில் விருந்தினரே பால் கலந்துகொள்ளட்டும் என்று விட்டுவிடலாம். அந்த விதியில் உள்ள அளவு எவருக்கும் உதவும்: 100 மில்லி நீருக்கு 2 கிராம் இலை. கெண்டியை முதலில் வெந்நீரால் கழுவிச் சூடேற்ற வேண்டும். அது கெண்டிக்கும் நல்லது. குளிர்ந்த பழைய பீங்கானில் கொதிநீர் திடீரென விழுந்தால் விரிசல் விடும். ஊற்றும் பொறுப்பு வீட்டுக்காரருடையது. கூடவே ஒரு கெண்டி வெந்நீரும் இருந்தால், இரண்டாம் சுற்றில் கடுத்துப்போன தேநீரை இளக்கிக்கொள்ளலாம்.

தங்க விளிம்புக் கோப்பைகளை மைக்ரோவேவிலும் பாத்திரம் கழுவும் இயந்திரத்திலும் போடக்கூடாது. தொட்டியின் அடியில் துணி விரித்து, மிதமான சுடுநீரில் ஒவ்வொன்றாகக் கழுவ வேண்டும். கறைக்குச் சமையல் சோடா போதும். உரசும் பொடிகள் தங்கத்தைத் தின்றுவிடும். தட்டுகளை அடுக்கும்போது இடையே காகிதம் வைக்கலாம். கோப்பைக்குள் கோப்பையை அடுக்காமல் இருப்பது நல்லது. கொக்கியில் மாட்டவும் வேண்டாம்: முழு எடையும் தொங்கும் கைப்பிடி, பிற்காலத்தில் ஒட்டிச் சரிசெய்ததாக இருந்தால் என்றாவது ஒருநாள் கழன்று வந்துவிடும்.