வட்டுக்கும் ஒரு வாஷ்கேர் லேபிள்

திருப்பூர்ப் பனியனை உட்புறமாகத் திருப்பினால், பக்கத் தையலில் வாஷ்கேர் லேபிள் தெரியும். அந்தச் சிறு துண்டுக்கு இரண்டு கடமைகள்: தைத்த இடத்தில் துணியைக் கெடுக்கக் கூடாது, துணி உழைக்கும்வரை எழுத்து அழியக் கூடாது. தாராபுரத்து வீடுகளில் பீரோவுக்குள் கிடக்கும் கல்யாண, காதுகுத்து டிவிடிகளுக்கும் இதே அளவுகோல்தான் பொருந்தும். இணைச்சீர் எந்த வட்டில், முகூர்த்தம் எந்த வட்டில் என்று தெரியாவிட்டால், பதிவு இருந்தும் பயனில்லை. வீட்டில் பதிந்த வட்டுக்குப் பெயரிட வந்த வழிகளில் லேசர் முறை முதல் கடமையை அருமையாகச் செய்தது, இரண்டாவதில் சறுக்கியது. அந்த வெற்றியிலும் சறுக்கலிலும் இன்றைக்கும் நமக்குப் பாடம் இருக்கிறது.

வட்டின் பளபளக்கும் அடிப்பக்கத்தைத்தான் நாம் பொத்திப் பொத்திப் பாதுகாக்கிறோம். ஆனால் 1.2 மி.மீ. தடிமனுள்ள சிடியில் தகவல் இருப்பது மேல்பக்கத்தை ஒட்டி, ஒரு மெல்லிய பூச்சுக்குக் கீழே. பால்பாயின்ட் பேனாவை அழுத்தி எழுதினாலே அந்தப் படலம் பழுதாகும். டிவிடியில் தகவல் இரண்டு 0.6 மி.மீ. தகடுகளுக்கு நடுவே இருப்பதால் அந்தப் பயம் குறைவு. ஆனால் ஸ்டிக்கரைச் சற்றுக் கோணலாக ஒட்டினால், வேகமாகச் சுழலும்போது வட்டு ஆடும். டிரைவ் படிக்கத் திணறும். அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணய நிறுவனம் 2003-இல் வெளியிட்ட வழிகாட்டி, நெடுநாள் வைத்திருக்கும் வட்டில் ஸ்டிக்கரே வேண்டாம் என்றது.

இந்தச் சிக்கலுக்கு ஹெச்பி நிறுவனம் கண்ட விடைதான் 2004-இல் அறிவிக்கப்பட்ட லைட்ஸ்கிரைப். பாடலையோ படத்தையோ பதிந்து முடித்ததும், வட்டைக் கவிழ்த்து அதே டிரைவில் போட வேண்டும். மேல்பக்கத்தில் பூசியிருக்கும் சாயத்தின் மீது 780 நானோமீட்டர் அகச்சிவப்பு லேசர் பட்டதும், சூட்டில் அந்த இடம் மட்டும் கறுக்கும். மையத் துளையைச் சுற்றியுள்ள குறியீட்டு வளையத்தைப் பார்த்து வட்டு எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று டிரைவ் அறிவதால், பின்னொரு நாள் அதே லேபிளில் இன்னொரு வரியையும் பிசகாமல் சேர்க்கலாம். மை இல்லை, பசை இல்லை, அழுத்தமும் இல்லை. தலைப்பு மட்டும் என்றால் சில நிமிடம்; முழுப் படம் என்றால் அரை மணி நேரம்கூட ஆகும்.

ஆனால் அந்தப் பூச்சு லூக்கோ சாய வகையைச் சேர்ந்தது. ஏ.டி.எம். ரசீதில் சூட்டால் எழுத்து தோன்றுவதும் இவ்வகைச் சாயத்தால்தான். சட்டைப் பையில் மறந்துவிட்ட ரசீது சில மாதத்தில் வெளிறுவதைப் பார்த்திருப்போம். லைட்ஸ்கிரைப் வட்டையும் வெளிச்சத்தில் வைத்தால் எழுத்து மங்கும். ஏற்றுமதித் துணி வெயிலுக்கு நிறம் தாங்குமா என்று சோதித்த பிறகே கப்பலேற்றும் ஊர்க்காரர்களுக்கு, சாயம் வெளுக்கும் லேபிள் அரைகுறை லேபிள் என்பதை விளக்க வேண்டியதில்லை. தனி டிரைவும் தனி வட்டும் வாங்க வேண்டியிருந்தது, ஒரே நிறத்தில்தான் படம் வந்தது என்ற குறைகளும் சேர்ந்துகொண்டன. ஹெச்பி பிறகு இம்முறையையே கைவிட்டது.

அப்படியானால் மார்க்கரே போதுமே என்று கேட்கலாம். போதும், ஆனால் எந்த மார்க்கர், எந்த இடத்தில் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. கரைப்பான் கலக்காத, மென்முனை மார்க்கரால், தகவலே இல்லாத நடுவளையக் கண்ணாடிப் பகுதியில் எழுதினால் எந்தப் பூச்சுக்கும் ஆபத்தில்லை. தகவலைத் தொடாமல் பெயரிடுவது என்ற லேசரின் கொள்கையை, சில ரூபாய்ப் பேனா அங்கே நிறைவேற்றிவிடுகிறது. எல்லாம் பென்டிரைவுக்கும் செல்போனுக்கும் போன பிறகு வட்டைப் பற்றி என்ன கவலை என்றும் கேட்கலாம். பழைய வட்டுகளைப் பிரதி எடுக்க வேண்டிய நேரம் இதுதான். அதனால்தான் பெயர் இப்போது இன்னும் அவசியம். டிரைவ் உள்ள கம்ப்யூட்டர்களே அருகிவிட்டன. பெயரில்லாத நாற்பது வட்டில் எதை முதலில் காப்பாற்றுவது? நிகழ்ச்சி, ஆண்டு, எத்தனையாவது வட்டு என்ற மூன்றையும் நடுவளையத்தில் எழுதி, உறையிலிட்டு, வெயில் படாமல் வையுங்கள். பிரதி எடுக்க உட்காரும் பேரப்பிள்ளை, பாட்டியின் குரல் இருக்கும் வட்டைத்தான் முதலில் எடுப்பான்.