கணினியின் அறிதுயில்



ஸ்ரீவில்லிபுத்தூரில் வடபத்ரசாயியின் கோயில் இருக்கிறது. ஆலிலைமேல் பள்ளிகொண்டவன் என்பது அப்பெயரின் பொருள். அந்தக் கிடந்த கோலத்தை நம் முன்னோர் வெறும் தூக்கம் என்று கூறவில்லை, 'அறிதுயில்' என்றனர். கண் மூடியிருக்கும், அறிவு மூடியிராது. உறக்கமும் உண்டு, காவலும் உண்டு. இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் கோயிலைப் பற்றியதன்று. உங்கள் பைக்குள் இருக்கும் மடிக்கணினியைப் பற்றியது. எனினும் அந்தச் சொல்லை இரவல் பெறாமல் இதை விளக்க எனக்கு இயலவில்லை.

முதலில் நிகழ்ந்த ஒன்றைக் கூறுகிறேன். இராசபாளையத்தில் என் வீட்டுக்கு அடுத்த தெருவில் ஒரு பெண் இருக்கிறாள். தந்தை நூற்பாலைத் தொழிலாளி. அவள் கல்லூரியில் இறுதியாண்டு படித்துவந்தாள். ஒருநாள் தன் ஆய்வேட்டின் ஓர் இயலைத் தட்டச்சுச் செய்து முடித்து, கணினியின் மூடியைச் சாத்திப் பையில் வைத்துக்கொண்டு, ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பேருந்து ஏறினாள். அரைமணிப் பயணந்தான். இறங்கும்பொழுது பை கைவைக்க இயலாதபடி சுட்டது. மூடியைத் திறந்தாள். விசிறி சுழலும் ஓசை கேட்டது. திரையோ இருண்டே கிடந்தது. விசைகளைத் தட்டிப் பார்த்தாள், பயனில்லை. முடிவில் மின்பொத்தானை நெடுநேரம் அழுத்தி அணைத்து, மறுபடியும் இயக்கினாள். கணினி எழுந்தது. சேமிக்காமல் விட்டிருந்த அந்த இயல் எழவில்லை.

வாரத்திற்கு இரண்டு மூன்று முறை இவ்வாறு நேரத் தொடங்கவே, அவள் என்னிடம் வந்தாள். நெடுங்காலம் வகுப்பறையில் நின்றவனுக்கு, எதைக் கேட்டாலும் உடனே விடை சொல்லிவிடும் பழக்கம் எளிதில் போவதில்லை. "கணினி பழுதாகிவிட்டது, அம்மா" என்றேன். பழுது பார்க்கும் கடை ஒன்றில், மதர்போர்டையே மாற்றவேண்டும் என்றார்கள். அதற்கு அவர்கள் சொன்ன தொகை அவள் தந்தையின் ஒரு மாத ஊதியத்தை விழுங்கக்கூடியது. கடைக்காரர் சொன்னதும் தவறு, நான் சொன்னதும் தவறு. அது எப்படித் தெரிந்தது என்பதைக் கூறுமுன், கணினியின் உறக்கம் எத்தகையது என்று காண்போம்.

பள்ளிக்கூடத்தையே உவமையாகக் கொள்ளலாம். ஆசிரியரின் மேசைமேல் நான்கு நூல்கள் விரித்தபடி கிடக்கின்றன. பாதி திருத்திய விடைத்தாள் ஒன்றும் கிடக்கிறது. மணி அடிக்கிறது. அவர் எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிட்டு, "பார்த்துக்கொள்" என்று பணியாளிடம் கூறிச் செல்லலாம். திரும்பி வந்தவுடன் விட்ட இடத்திலிருந்து வேலை தொடரும். இது உறக்கம். அல்லது, பக்க அடையாளம் வைத்து யாவற்றையும் அலமாரியில் பூட்டிச் செல்லலாம். வந்து எடுத்து விரிக்கச் சற்று நேரமாகும். ஆயினும் காவல் தேவையில்லை. இது நெடுந்துயில். மூன்றாவது, வேலையை முடித்து மேசையைத் துடைத்துவிட்டுச் செல்வது. இது அணைத்தல்.

கணினிக்கு மேசை என்பது நினைவகம். அலமாரி என்பது வட்டு. நினைவகத்தில் ஒவ்வொரு செய்தித் துணுக்கும் நுண்ணிய மின்தேக்கி ஒன்றில் மின்னூட்டமாக நிற்கிறது. 1966ஆம் ஆண்டில் அமெரிக்கப் பொறியாளர் இராபர்ட் டென்னார்டு கண்ட முறை இது. அந்த மின்தேக்கி ஓட்டைக் குடத்தைப் போன்றது. ஊற்றிய நீர் கசிந்துகொண்டே இருக்கும். ஆதலின் பொதுவாக 64 மில்லி விநாடிக்கு ஒருமுறை, அதாவது விநாடிக்குப் 15 தடவைக்கு மேலாக, குடத்தை நிரப்பிக்கொண்டே இருக்கவேண்டும். கணினி உறங்கும்பொழுது திரை அணைகிறது, செயலி ஓய்கிறது, விசிறி நிற்கிறது. நிரப்பும் வேலை மட்டும் நிற்பதில்லை. மின்கலம் தீர்ந்தால் குடமும் வற்றிவிடும். உறக்கம் ஒரு பெட்டகம் அன்று என்பதை இங்கேயே மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

இனி, மேசையைப் பார்த்துக்கொள்ளும் அந்தப் பணியாள் யார்? மதர்போர்டில் சிறிய கட்டுப்பாட்டுச் சில்லு ஒன்று உண்டு. மற்றவை உறங்கும்பொழுதும் அது விழித்திருக்கும். கணினியின் மூடிக்குள் ஒரு சிறு காந்தம் பதித்திருப்பார்கள். மூடி சாத்தப்பட்டதா, திறக்கப்பட்டதா என்பதை, அக்காந்தம் நெருங்குவதையும் விலகுவதையும் கொண்டு ஓர் உணர்கருவி அறியும். 1879இல் எட்வின் ஹால் என்னும் அறிஞர் கண்ட மின்காந்த விளைவே இதற்கு அடிப்படை. காந்தப் பூட்டுள்ள கைப்பையைக் கணினிமேல் வைத்தால் அது திடீரென்று உறங்கிப் போவதும் இதனாலேதான்.

இந்தக் காவலர் என்ன செய்யவேண்டும், கணினி எழும்பொழுது எதை முதலில் எழுப்பவேண்டும் என்பனவெல்லாம் சில்லுகளில் கட்டளைகளாகப் பதிந்திருக்கின்றன. இவை கையால் தொடும் வன்பொருளும் அல்ல, நாம் நாள்தோறும் மாற்றிக்கொள்ளும் மென்பொருளும் அல்ல, இரண்டிற்கும் இடைப்பட்டவை. 1967இல் ஆஷர் ஆப்லர் என்பவர் 'ஃபர்ம்வேர்' என்ற பெயரை வழங்கினார். நாம் நிலைப்பொருள் என்போம். பயாஸ் என்று கடைகளில் சொல்வது இதன் முதன்மைப் பகுதியையே. முற்காலத்தில் இக்கட்டளைகளைச் சில்லில் ஒருமுறை எழுதிவிட்டால் மாற்ற இயலாது. தோஷிபா நிறுவனத்தின் ஃபுஜியோ மசுவோகா 1984இல் உலகிற்கு அறிவித்த ஃபிளாஷ் நினைவகம் வந்த பிறகு, அழித்து எழுதுவது எளிதாயிற்று.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்த ஆண்டாளின் திருப்பாவையை நீங்கள் அறிவீர்கள். தோழியரை எழுப்பிய பின்னர், உள்ளே துயில்வோரை எழுப்புமுன், அப்பெண்கள் வாயில் காப்போனிடம் கதவைத் திறக்க வேண்டுகிறார்கள். அது பதினாறாம் பாசுரம். கணினியிலும் அந்த ஒழுங்கே உள்ளது. காப்போன் திறந்தாலன்றி உள்ளே இருப்பவரை எழுப்ப வழியில்லை.

எழும் முறையைச் சற்று நுணுகிக் காண்போம். மின்சாரத்தைப் பங்கிட்டு ஆளும் முறையை வகுக்க, இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா ஆகிய நிறுவனங்கள் 1996 டிசம்பரில் ஒரு பொது உடன்பாட்டு விதியை வெளியிட்டன. ஏ.சி.பி.ஐ. என்பது அதன் சுருக்கப் பெயர். நான் கூறிய உறக்கம் அதில் எஸ்-3 என்றும், நெடுந்துயில் எஸ்-4 என்றும் குறிக்கப்படும். எந்த உறுப்பை எப்படி உறங்கவைப்பது, எப்படி எழுப்புவது என்ற பட்டியலை நிலைப்பொருள் அளிக்கும். விண்டோஸ், லினக்ஸ் போன்ற இயங்குதளம் அதைப் படித்து நடக்கும். எஸ்-3 உறக்கத்திற்கு முன் இயங்குதளம், "நான் விட்ட இடம் இது, எழுந்தவுடன் இங்கே வா" என்று ஒரு முகவரியைக் குறித்துவைக்கும். விழிக்கும்பொழுது செயலிக்குப் பழைய நினைவு ஏதும் இராது. நிலைப்பொருள்தான் முதலில் எழுந்து, நினைவகத்தைத் தன் பொறுப்பில் ஏற்று, அந்த முகவரிக்குச் செயலியைக் கைப்பிடித்து அழைத்துச் செல்லும்.

இந்தப் படிகளில் ஒன்று பிழைபட்டாலும் போதும். மின்சாரம் வந்துவிட்டது, விசிறி சுழல்கிறது, செயலியோ வழி தெரியாமல் நிற்கிறது. திரை இருண்டே கிடக்கிறது. அந்தப் பெண் பேருந்து நிலையத்தில் கண்டது இத்தகைய காட்சியே.

பை ஏன் சுட்டது? 2012ஆம் ஆண்டு முதலாகப் பல மடிக்கணினிகளில் வேறொரு வகை உறக்கம் புகுந்தது. கைப்பேசியைப்போல, திரை அணைந்திருந்தாலும் கணினி அரைவிழிப்பில் இருந்து, அவ்வப்போது மடல்களையும் செய்திகளையும் பார்த்துக்கொள்ளும். நன்றாக அமைந்தால் இது வசதியே. அமைப்பில் பிழையிருந்தால், மூடிய பைக்குள் கணினி விழித்துக்கொண்டு, காற்றோட்டமின்றிச் சூடேறும், மின்கலமும் தீரும்.

எங்கள் ஊர் நாயை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2005 ஜனவரியில் இந்திய அஞ்சல்துறை இராசபாளையம் நாய்க்கு ஓர் அஞ்சல்தலையே வெளியிட்டது. அந்த வெண்ணிற நாய் திண்ணையில் கண்மூடிப் படுத்திருக்கும். அயலான் காலடி கேட்டால் எழும். ஆனால் சருகு அசைந்தாலும் குரைக்கும் நாயால் வீட்டார்க்கு உறக்கமில்லை. கள்வன் வந்தாலும் எழாத நாயால் பயனில்லை. கணினி உறக்கத்தின் நோய்களும் இந்த இரண்டே: காரணமின்றி விழிப்பது ஒன்று, எழுப்பியும் விழியாதது மற்றொன்று.

இந்நோய்கள் நிலைப்பொருளைத் திருத்துவதால் தீர்ந்ததற்கு உலகறிந்த சான்றுகள் உள்ளன. ஆப்பிள் நிறுவனம் 2011ஆம் ஆண்டில் விற்ற மேக்புக் ஏர் கணினிகள் சில விழிக்க நெடுநேரம் எடுத்துக்கொண்டன. சில விழித்தவுடன் விசிறியை முழுவேகத்தில் சுழற்றின. 2014இல் வெளியான நிலைப்பொருள் திருத்தம் இவற்றைச் சீர்செய்யவே வந்தது. லெனோவோவின் திங்க்பேட் எக்ஸ்-1 கார்பன் ஆறாம் தலைமுறைக் கணினியில், முதலில் எஸ்-3 உறக்கத்திற்கு இடமே வைக்கப்படவில்லை. லினக்ஸ் பயன்படுத்துவோர் இதனால் இடர்ப்பட்டனர். 2018இல் வந்த திருத்தம், உறக்க வகையைத் தேர்ந்துகொள்ளும் ஒரு வாய்ப்பை அமைப்புப் பட்டியலில் சேர்த்தது. ஓர் ஆணியும் மாற்றப்படவில்லை, கட்டளைதான் மாறியது.

எனினும் எல்லா உறக்கக் கேட்டிற்கும் நிலைப்பொருளையே குற்றம் சொல்வது நான் செய்த தவறு போன்றதே ஆகும். முதலில் கவனித்து எழுதுங்கள். மூடியைச் சாத்தினால் நேர்கிறதா, பொத்தானை அழுத்தினாலும் நேர்கிறதா? சுட்டி முதலிய வெளிக்கருவிகளைக் கழற்றினால் நிற்கிறதா? திரைக்கும் வலையிணைப்புக்கும் உரிய இயக்கிகளைப் புதுப்பித்தீர்களா? எந்தக் கருவி கடைசியாக எழுப்பியது என்று இயங்குதளமே ஒரு பதிவேட்டில் குறித்துவைக்கும், அதைப் படித்தீர்களா? இவற்றிற்குப் பின்னரே நிலைப்பொருளுக்கு வரவேண்டும்.

அங்கே கை வைக்குமுன் அஞ்சத் தக்கதை அஞ்சவேண்டும். 1999 ஏப்ரல் 26 அன்று சி.ஐ.எச். என்னும் நச்சுநிரல் பல கணினிகளின் நிலைப்பொருளை அழித்தது. உறுப்புகள் யாவும் நலமாயிருந்தும் அக்கணினிகள் எழவில்லை. காப்போனின் கட்டளை நூல் பாதியில் கிழிந்தால் நேர்வது அதுவே. ஆகவே மின்கலத்தை நிறைத்துக்கொண்டு, மின்னிணைப்பிலும் வைத்தே தொடங்கவேண்டும். நம்மூரில் பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தும் நாளை முன்கூட்டியே அறிவிப்பார்கள், அந்நாள் வேண்டா. கணினியின் மாதிரி எண்ணை அடிப்பக்கத்தில் பார்த்து, ஓர் எழுத்தும் பிழையாமல் அதற்குரிய திருத்தத்தைத் தயாரித்த நிறுவனத்திடமிருந்தோ இயங்குதளத்தின் வழியாகவோ மட்டும் பெறவேண்டும். எதைச் சீர்செய்கிறது என்று உடன்வரும் குறிப்பைப் படிக்கவேண்டும். உங்கள் கோப்புகளை வேறோரிடத்தில் படியெடுக்கவேண்டும். வட்டு பூட்டிக் காக்கப்பட்டிருந்தால், அதன் மீட்புத் திறவுகோலைத் தாளில் எழுதிவைத்துக்கொள்ளவேண்டும். திருத்தத்திற்குப் பின் கணினி அதைக் கேட்கக்கூடும். வேலை நடக்கையில் திரை சில நிமிடம் இருளும்; தானே அணைந்து எழும். அப்போது கை பொறுக்காமல் பொத்தானை அழுத்துவதே பெருங்கேடு.

என் பழைய மாணவர் ஒருவர் ஸ்ரீவில்லிபுத்தூரில் கணினி பழுது பார்க்கிறார். வகுப்பில் அவர் கேள்வி கேட்டுக்கொண்டே இருப்பார். நான் சில வேளை கடிந்துமிருக்கிறேன். அவர் அந்தப் பெண்ணின் கணினியைத் திறக்கவே இல்லை. மாதிரி எண்ணைக் குறித்தார். நிலைப்பொருளின் பதிப்பைப் பார்த்தார். அது இரண்டாண்டுப் பழையது. புதிய பதிப்பின் குறிப்பில், உறக்கத்திலிருந்து விழிக்கும்பொழுது திரை எழாத குறை நீக்கப்பட்டது என்று ஒரு வரி இருந்தது. அந்த ஒரு வரியை நானும் படிக்கவில்லை, கடைக்காரரும் படிக்கவில்லை. கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது. பிறகு அவர் பத்துமுறை மூடியைச் சாத்தித் திறந்து சோதித்தார். பத்துமுறையும் கணினி எழுந்தது. "ஐயா, நோயைக் கேட்காமல் மருந்து சொல்லக்கூடாது என்று நீங்கள்தாமே சொன்னீர்கள்?" என்று சிரித்தார். நான் சொன்னதுண்டு, மறந்துவிட்டேன்.

1977இல் ஏவப்பட்ட வாயேஜர்-1 விண்கலம் 2023 நவம்பரில் பொருளற்ற செய்திகளை அனுப்பத் தொடங்கியது. அப்பொழுது ஏறத்தாழ 2,400 கோடி கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த அதற்கு எந்தக் கடைக்காரர் போவார்? அதன் நினைவகத்தில் கெட்ட பகுதியைத் தவிர்த்து, கட்டளைகளை வேறிடத்தில் அமைக்க 2024 ஏப்ரல் 18 அன்று பொறியாளர்கள் செய்தி அனுப்பினர். போவதற்கு இருபத்திரண்டரை மணி, திரும்புவதற்கு அவ்வளவே. ஏப்ரல் 20 அன்று தெளிவான மறுமொழி வந்தது. தொட முடியாதவர்கள் பொறுமையோடு ஆராய்ந்தார்கள். கைக்கெட்டிய தூரத்தில் வைத்திருக்கும் நாமோ, ஆராயாமல் தூக்கி எறியத் துணிகிறோம்.

அந்தப் பெண்ணின் இயல் திரும்பக் கிடைக்கவில்லை. ஐந்து இரவுகள் விழித்து அதை மறுபடியும் எழுதினாள். இப்பொழுது அவள் மூடியைச் சாத்துமுன் சேமிக்கிறாள். பேருந்து ஏறுமுன் கணினியை நெடுந்துயிலில் விடுகிறாள் அல்லது அணைத்துவிடுகிறாள். காவலன் எவ்வளவு நல்லவனானாலும், பொருளுக்கு உடையவர்தாமே முதற்காவல்!