இரும்புக்குள் ஊறும் அலுமினியம்

உலையில் கிடக்கும் இரும்பு உருகித்தான் கெட்டுப்போகும் என்று நினைக்கத் தோன்றும். இரும்பு உருக 1,538 டிகிரி செல்சியஸ் வேண்டும். கொதிகலன் குழாய்கள் அந்தச் சூட்டின் பக்கமே போவதில்லை. அவற்றைத் தின்பது காற்று. 570 டிகிரியைத் தாண்டியதும் ஆக்ஸிஜன் இரும்போடு சேரும் வேகம் மளமளவென்று ஏறிவிடுகிறது. உண்டாகும் செதில் இறுகப் பிடித்துக்கொண்டாலாவது உள்ளே இருப்பது பிழைக்கும். அதுவும் இல்லை. சூடேறி ஆறும்போதெல்லாம் செதில் வெடித்து உதிர்கிறது, அடியிலிருந்த இரும்பு வெளியே தெரிகிறது, அதையும் காற்று தின்கிறது. குழாய் மெலிந்துகொண்டே போய் ஒருநாள் ஓட்டை விழுகிறது.

அமெரிக்காவின் ஸ்கெனக்டடி நகரில் உள்ள ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் 1910-களில் இதற்கு ஒரு வழி கண்டது. கேலரைசிங் என்று பெயர். இன்று இந்தப் பெயரைக் கேட்பதே அரிது. வேலை மட்டும் அலுமினைசிங் என்ற பெயரில் தொடர்கிறது.

செய்முறை எளிது. இரும்புச் சாமானை ஒரு பெட்டிக்குள் வைத்து, சுற்றிலும் அலுமினியப் பொடி, அலுமினா என்ற அலுமினிய ஆக்ஸைடுப் பொடி, கொஞ்சம் நவச்சாரம் கலந்த கலவையைக் கொட்டி மூடுகிறார்கள். பிறகு 900 டிகிரி வாக்கில் பல மணி நேரம் சூடேற்றுகிறார்கள். நவச்சாரம் நமக்குப் புதிதல்ல. பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் சூட்டோடு தூவுவாரே, குப்பென்று வெண்புகை கிளம்புமே, அதே உப்புதான். அங்கே அது பாத்திரத்தின் மேற்பரப்பைச் சுத்தம் செய்கிறது. இங்கே அதற்குச் சுமக்கும் வேலை: அதிலுள்ள குளோரின் அலுமினியத்தைப் பற்றிக்கொண்டு ஆவியாகி, இரும்பின் மேல் இறக்கிவிடுகிறது. பொடித் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடாமல் அலுமினா பார்த்துக்கொள்கிறது.

இறங்கிய அலுமினியம் மேலோடு நிற்பதில்லை. எலுமிச்சைத் துண்டில் உப்பு ஏறுவதுபோல உள்ளே ஊறி, இரும்போடு சேர்ந்து புதுக் கலவையாகிவிடுகிறது. பெயின்ட், முலாம் வகையறாக்களிலிருந்து இது வேறுபடுவது இந்த இடத்தில்தான்.

ஆனால் அலுமினியம் 660 டிகிரியிலேயே உருகிவிடுமே, அது எப்படி 900 டிகிரியில் இரும்பைக் காக்கும்? ஊறிய பிறகு அங்கே தனி அலுமினியம் கிடையாது. இரும்பும் அலுமினியமும் சேர்ந்த சேர்மம் அவ்வளவு எளிதில் உருகாது. காற்று படும்போது, இரும்பை முந்திக்கொண்டு அலுமினியம் ஆக்ஸிஜனைப் பிடித்து அலுமினாவாகிறது. மாணிக்கமும் நீலக்கல்லும் இதே பொருள்தான்; உருக 2,000 டிகிரிக்கு மேல் வேண்டும். கண்ணுக்குத் தெரியாத அந்த மென்படலத்தைத் தாண்டி ஆக்ஸிஜன் உள்ளே போவது மிகக் கடினம். படலம் எங்காவது பிளந்தாலும், அடியில் இருப்பிலுள்ள அலுமினியம் வந்து புதுப் படலம் போட்டுவிடும். இந்தத் தானே ஆறும் குணம்தான், என் பார்வையில், முறையின் உண்மையான கெட்டிக்காரத்தனம்.

குறைகளும் உண்டு. கலவை அடுக்கு நொறுங்கக்கூடியது. பூசிய பிறகு குழாயை வளைத்தால் விரிசல் விடும். வளைப்பதை எல்லாம் முன்பே முடித்துவிட வேண்டும். இன்னொன்று, சூட்டில் அலுமினியம் மேலும் மேலும் உள்ளே ஊறிக்கொண்டே போகும். மேற்பரப்பில் இருப்பு குறைந்ததும் காவலும் தீர்ந்தது.

உலைச் சாமான்களுக்கும் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைக் குழாய்களுக்கும் பயன்பட்ட இந்தப் பெட்டி முறை, பிறகு ஜெட் எஞ்சினுக்குள் போனது. டர்பைன் இதழ்கள் நிக்கல் கலவையில் ஆனவை. அவற்றிலும் அலுமினியத்தை ஊறவைத்தார்கள். புது எஞ்சின்களில் வாயுவின் சூடு, இதழ் உருகும் சூட்டையே தாண்டுகிறது. ஆகவே உள்ளே காற்று ஓட வழி விட்டுக் குளிர்விப்பதோடு, மேலே சிர்கோனியா என்ற பீங்கான் பூச்சும் சேர்க்கிறார்கள். புகழெல்லாம் அந்தப் பீங்கானுக்குப் போகிறது. அது சூட்டைத் தடுக்கும், ஆக்ஸிஜனைத் தடுக்காது. அதைத் தடுப்பது, பீங்கானுக்கு அடியில் சில மைக்ரோமீட்டர் தடிமனில் இருக்கும் அலுமினாப் படலம். அந்தப் படலம் அளவுக்கு மீறித் தடித்தால் பீங்கான் உரிந்து விழும். எனவே பூச்சின் ஆயுளைக் கணக்கிடும் பொறியாளர்கள் இன்றும் முக்கியமாகக் கவனிப்பது அலுமினா எவ்வளவு வேகமாக வளர்கிறது என்பதைத்தான்.