உஷார்! ‘பிரைவேட் டேபிள்’ என்று மெசேஜ் வருகிறதா?

“சார், பிரைவேட் டேபிள். நம்ம ஊர் பசங்கதான். 100% போனஸ். ஐடி வேணுமா?”

போன மாதம் மட்டும் மூன்று புது நம்பர்களிலிருந்து எனக்கு வந்த வாட்ஸ்அப் செய்தி இது. எப்போதாவது ஒரு போக்கர் ஆப்பில் உங்கள் நம்பரைக் கொடுத்திருந்தால் உங்களுக்கும் வந்திருக்கலாம். பதில் போடுவதற்கு முன் ஐந்து நிமிடம் ஒதுக்கி இதைப் படித்துவிடுங்கள். இதே மாதிரி ஒரு செய்திக்கு ‘ஓகே’ போட்டு மாட்டிக்கொண்டவன் எழுதுகிறேன்.

ஆபீஸ் வேலை, வீட்டு லோன், சனிக்கிழமை ராத்திரி சீட்டு. ஒன்பது வருடமாக இதுதான் என் வாழ்க்கை. ‘நான் சூதாடி இல்லை, கணக்குப் போட்டு ஆடுகிறவன்’ என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். போக்கரில் கணக்கு தெரிந்தவனுக்கு மதிப்பு உண்டு என்பது பொய்யும் இல்லை. சிக்கல் அந்தப் பெயரில் இருக்கிறது. ‘போக்கர்’ என்ற ஒரே பெயரை மாட்டிக்கொண்டு ஏழெட்டு ஆட்டங்கள் திரிகின்றன. ஒன்றில் பழகிய தைரியத்தோடு இன்னொன்றில் போய் உட்காருகிறோம். காசு கரைவது அங்கேதான்.

நண்பன் வீட்டு ஹோல்டம்

நான் கற்றுக்கொண்டது டெக்ஸஸ் ஹோல்டம். கோவை பீளமேட்டில் நண்பன் வீட்டு மொட்டைமாடி, தலைக்கு 500 ரூபாய், நடுவில் ஒரு தட்டு பக்கோடா. கையில் இரண்டு சீட்டு. நடுவில் எல்லாருக்கும் பொதுவாக ஐந்து. இந்த ஏழில் நல்ல ஐந்தை எடுத்துக்கொள்ள வேண்டும். ராத்திரி முடியும்போது ஒருவனுக்கு 1,500 ரூபாய் லாபம், இன்னொருவனுக்குப் பெட்ரோல் காசு போச்சு. அவ்வளவுதான்.

இங்கேயும் கணக்கு ஏமாற்றும். கையில் இரண்டு ஏஸ் வருவது சராசரியாக 221 கைக்கு ஒரு தடவை. எதிரில் ஒரே ஆள் என்றால் அதை வைத்து 100-க்கு 85 தடவை ஜெயிக்கலாம். எட்டுப் பேர் விடாமல் கடைசிவரை நின்றால், மூன்றில் ஒரு தடவைதான். ‘ஏஸ் ஜோடி வச்சும் தோத்துட்டேன்’ என்று புலம்புகிறவர்கள் இதை நினைத்துப் பார்ப்பதில்லை.

உஷார்: நடுவில் சேரும் பணத்திலிருந்து வீட்டுக்காரர் ‘கட்’ எடுக்க ஆரம்பித்தால், அன்றோடு அது நண்பர்கள் ஆட்டம் இல்லை. லாபத்துக்காக இடம் கொடுத்துச் சூதாட வைத்தால் அந்த வீட்டைச் சூதாட்ட விடுதியாகப் பார்க்கிறது 1930-ஆம் ஆண்டு தமிழ்நாடு சூதாட்டச் சட்டம். போலீஸ் வந்தால் வீட்டுக்காரரை மட்டும் கேள்வி கேட்டுவிட்டுப் போகாது.

நாலு சீட்டு ஒமாஹா

ஒரு சனிக்கிழமை, பெங்களூரிலிருந்து வந்த ஒருவர் “ஒமாஹா ஆடலாமா? ஹோல்டம் மாதிரிதான், கையில நாலு சீட்டு” என்றார். அந்த ‘மாதிரிதான்’ என்ற வார்த்தைக்கு நான் கொடுத்த விலை 3,900 ரூபாய்.

என் கையில் ஸ்பேட் ஏஸ், ஆர்ட்டின் ஏஸ், கிளாவர் ஜாக், டைமண்ட் பத்து. தரையில் ஸ்பேட் ராஜா, ஸ்பேட் ஒன்பது, ஸ்பேட் நாலு, டைமண்ட் ஏழு. கடைசியாக விழுந்தது ஸ்பேட் ரெண்டு. தரையில் நாலு ஸ்பேட், கையில் ஸ்பேட் ஏஸ்! இதைவிடப் பெரிய ஃப்ளஷ் (ஒரே இனத்தில் ஐந்து சீட்டு) கிடையாது என்று சிரித்துக்கொண்டே சீட்டை விரித்தேன். பெங்களூர்க்காரர் காட்டியது ஸ்பேட் ஆறும் ஸ்பேட் அஞ்சும். நான் சிப்ஸை வாரக் கை நீட்டினேன். பக்கத்திலிருந்த நண்பன் என் மணிக்கட்டைப் பிடித்தான். “மாப்ள, இது ஒமாஹாடா. கையிலருந்து ரெண்டு சீட்டு எடுத்தே ஆகணும். உங்கிட்ட ஸ்பேட் ஒண்ணுதான் இருக்கு.”

எனக்கு ஃப்ளஷ்ஷே இல்லை. வெறும் ஏஸ் ஜோடி.

பணம் ஏறும் வேகமும் வேறு. ஒமாஹாவில் வழக்கமாக ‘பாட் லிமிட்’. நடுவில் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு வரை கட்டலாம். கேட்க அடக்கமாகத்தான் இருக்கும். நடுவில் 300 ரூபாய். ஒருவர் 300 கட்டி மற்றவர் ஈடுகொடுத்தால் 900. அடுத்த சுற்றில் ஆளுக்கு 900 என்றால் 2,700. அதற்கடுத்து ஆளுக்கு 2,700 என்றால் 8,100. மூன்றே சுற்றில் ஒருவர் பையிலிருந்து 3,900 போய்விடுகிறது. கையில் நாலு சீட்டு இருந்தால் அதில் ஆறு ஜோடி இருக்கிறது; அஞ்சு சீட்டு ஒமாஹாவில் பத்து; ஆறு சீட்டில் பதினைந்து. எல்லாருக்கும் ஏதோ ஒன்று பொருந்துகிறது, அதனால் யாரும் சீட்டைக் கீழே வைப்பதில்லை.

உஷார்: ‘ஹோல்டம் மாதிரிதான்’ என்று யாராவது சொன்னால், முதல் பத்து கையைப் பணமில்லாமல் ஆடச் சொல்லுங்கள். மறுத்தால் எழுந்துவிடுங்கள்.

மாண்டவி ஆற்றுக் கப்பல்

கோவா பணஜியில் மாண்டவி ஆற்றில் மிதக்கும் கேசினோ கப்பல்களில் ஒன்றுக்கு ஆபீஸ் நண்பர்களோடு போனேன். ‘போக்கர்’ என்று பலகை மாட்டிய மேஜையில் உட்கார்ந்தேன். மூன்று சீட்டுப் போக்கர். சின்ன வயதில் தீபாவளிக்கு மாமா வீட்டில் ஆடிய மூணு சீட்டு மாதிரியே இருந்தது.

பத்து நிமிடம் கழித்துத்தான் உறைத்தது. எனக்கு எதிரில் ஆட்டக்காரன் யாருமில்லை. கேசினோவின் டீலர் மட்டும்தான். அவர் முகத்தைப் படித்துப் பிரயோஜனமில்லை, பொய்யாக மிரட்டவும் முடியாது. போக்கரில் என் திறமை என்று எதை நம்பினேனோ, அதற்கு இங்கே இடமே இல்லை. முதலில் வைக்கும் பணத்துக்குப் பெயர் ‘ஆன்ட்டி’. அந்த ஆன்ட்டியில் 1,000 ரூபாய்க்குச் சராசரியாக 34 ரூபாய் கேசினோவுக்குப் போகும்படிதான் இந்த ஆட்டத்தின் வழக்கமான விதிகள் இருக்கின்றன. நீங்கள் தப்பே செய்யாமல் ஆடினாலும் அப்படித்தான். கரீபியன் ஸ்டட் என்ற அஞ்சு சீட்டு ஆட்டத்தில் இது 1,000-க்கு ஐம்பதைத் தாண்டும்.

உஷார்: உட்காரும் முன் ஒரே கேள்வி. நான் மற்ற ஆட்டக்காரர்களோடு ஆடுகிறேனா, இந்த வீட்டோடு, அதாவது கேசினோவோடு, ஆடுகிறேனா? வீட்டோடு என்றால் அதற்குப் பெயர் என்னவாக இருந்தாலும் அது போக்கர் இல்லை.

போனுக்குள் வந்த மேஜை

2020 லாக்டவுனில் மொட்டைமாடி ஆட்டம் நின்றது, போன் வந்தது. எதிரில் மனிதர்கள்தானே, வீடு இல்லையே என்று நினைத்தேன். வீடு இருந்தது, கண்ணில்தான் படவில்லை. ஒவ்வொரு கையிலும் நடுவில் சேரும் பணத்திலிருந்து ஆப் எடுக்கும் பங்குக்கு ‘ரேக்’ என்று பெயர். பெரும்பாலும் ஐந்து சதவீதத்தை ஒட்டி.

ஒரு கணக்குப் போடுவோம். ஆறு பேர், ஆளுக்கு 2,000. மேஜையில் மொத்தம் 12,000 ரூபாய். மொட்டைமாடியில் மணிக்கு 25 கை ஆடுவோம். போனில் 70 கை ஓடும். கைக்குச் சராசரி 20 ரூபாய் ரேக் என்று வைத்தால் மணிக்கு 1,400. ஆறு பேரும் சம திறமைசாலிகள் என்றால், எட்டரை மணி நேரத்தில் மேஜையிலிருந்த மொத்தப் பணமும் ஆப்பிடம் போயிருக்கும். யாரும் யாரிடமும் தோற்கவில்லை. ஆனால் எல்லார் பையும் காலி. நானோ ஒரே நேரத்தில் நாலு மேஜை ஆடினேன்.

எதிரில் இருப்பது மனிதனா என்பதும் தெரியாது. 2019-இல் கார்னெகி மெலன் பல்கலைக்கழகமும் ஃபேஸ்புக்கும் உருவாக்கிய ‘ப்ளூரிபஸ்’ என்ற நிரல், ஆறு பேர் ஹோல்டமில் தொழில்முறை ஆட்டக்காரர்களையே ஜெயித்தது. நம்மைத் தோற்கடிக்க அவ்வளவு பெரிய மூளை தேவையில்லை. அதற்கு முன்பே, அப்சல்யூட் போக்கர், அல்டிமேட்பெட் என்ற இரண்டு வெளிநாட்டுத் தளங்களில், உள்ளே இருந்தவர்களே மற்றவர்களின் மூடிய சீட்டைப் பார்த்து ஆடியது 2007, 2008-இல் அம்பலமானது. சந்தேகப்பட்டு ஆட்டப் பதிவுகளைத் தோண்டியது, பணம் இழந்த ஆட்டக்காரர்கள்தான்.

இதையெல்லாம் மீறி என்னைப் பிடித்து வைத்திருந்தது ஒரு கதை. 2003-இல் கிறிஸ் மணிமேக்கர் என்ற அமெரிக்கக் கணக்காளர் 86 டாலரில் ஆன்லைன் தகுதிச்சுற்று ஆடி, லாஸ் வேகாஸ் உலகப் போட்டியில் 25 லட்சம் டாலர் ஜெயித்தார். உண்மைக் கதைதான். அன்று ஆடியவர்கள் 839 பேர். மற்ற 838 பேரின் கதையை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

போக்கர் திறமையா அதிர்ஷ்டமா என்ற பட்டிமன்றம் தமிழ்நாட்டில் வருடக்கணக்கில் நடந்தது. மாநிலத்தின் இணைய ஆட்டச் சட்டம் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டப் பட்டியலில் சேர்த்தது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தப் பட்டியலை நீக்கியது. 2025 பிப்ரவரியில் நள்ளிரவு 12 முதல் காலை 5 மணி வரை பண ஆட்டம் கூடாது என்று மாநில விதி வந்தது. அந்த ஜூனில் நீதிமன்றமும் அதைச் சரி என்றது. லாப நஷ்டம் எழுதி வைக்கும் என் நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். நான் பெரிதாக விட்ட ராத்திரிகள் எல்லாமே பன்னிரண்டு மணிக்குப் பிறகுதான்.

பிறகு மத்தியச் சட்டம் வந்தது. 2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்த அந்தச் சட்டத்துக்குத் திறமையா, அதிர்ஷ்டமா என்ற வித்தியாசமே இல்லை. பணம் கட்டிப் பணம் எதிர்பார்க்கும் இணைய ஆட்டம் நடத்தினால் மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். விளம்பரம் செய்தால் இரண்டு ஆண்டு வரை சிறை, 50 லட்சம் வரை அபராதம். பெரிய கம்பெனிகள் உடனே பண ஆட்டத்தை நிறுத்தின.

அந்த இடைவெளியில் நுழைந்ததுதான் ‘பிரைவேட் டேபிள்’.

மாட்டிக்கொண்ட கதை

நான் ‘ஓகே’ போட்டுச் சேர்ந்த கிளப்பின் ஆப்பில் ‘இது பொழுதுபோக்குச் சிப்ஸ், பணமில்லை’ என்று எழுதியிருக்கும். பணம் வெளியே, ‘ஏஜென்ட்’ வழியாகக் கைமாறும். கிளப் ஐடி ஒன்று; திங்கட்கிழமை கணக்கு முடிப்பு. மூன்று வாரத்தில் நான் 38,000 ரூபாய் ஜெயித்தேன். கேட்டுக் கேட்டு 15,000 வந்தது, யாரோ முன்பின் தெரியாத பெயரிலிருந்து. மீதிக்குக் கேட்டபோது ஏஜென்ட் நம்பர் அணைந்திருந்தது.

பதினொரு நாள் கழித்து, “ஏங்க, பாப்பா ஸ்கூல் ஃபீஸ் போக மாட்டேங்குது” என்றாள் மனைவி. வங்கிக்குப் போனேன். கணக்கு முடக்கப்பட்டிருந்தது. வேறு மாநில சைபர் போலீஸில் ஒருவர் கொடுத்த மோசடிப் புகார். அவர் இழந்த பணம் நாலு கணக்கு தாண்டி என் கணக்கில் 15,000 ரூபாயாக வந்து விழுந்திருந்தது. சம்பளமும் அதே கணக்கில். அதை விடுவிக்க ஏழு வாரம். மேனேஜர் கேட்டார்: “இந்தப் பணம் எதுக்கு வந்ததுங்க?” அந்தக் கேள்விக்கு மனைவி பக்கத்தில் இருக்கும்போது பதில் சொல்வது எப்படியிருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

மீதி 23,000-க்கு வழக்குப் போடலாமா? முடியாது. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 30-ஆவது பிரிவின்படி பந்தய ஒப்பந்தம் செல்லாது.

இவை கண்ணில் பட்டால் விலகுங்கள்

• ஆப் ஸ்டோரில் இல்லாமல் லிங்க் வழியாக வரும் ஏ.பி.கே. ஃபைல்.
• கம்பெனிப் பெயரில் இல்லாமல் தனிநபர் யு.பி.ஐ.க்குப் பணம் போடச் சொல்வது; ஒவ்வொரு தடவையும் வேறு வேறு பெயர்.
• ‘ஜெயித்த பணத்தை எடுக்க முதலில் டாக்ஸ் கட்டுங்கள்’ என்பது. இது சுத்த மோசடி.
• ‘உங்க கணக்கை வாடகைக்குக் கொடுங்க, கமிஷன் தர்றோம்’ என்பது. கொடுத்தால் நீங்களே குற்றவாளி.

பணம் போய்விட்டால் தயங்காமல் சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவு நல்லது. விட முடியவில்லை, தூக்கம் இல்லை, வீட்டில் சொல்லப் பயமாக இருக்கிறது என்றால் மனநல உதவி எண் டெலி மனஸ் 14416. இலவசம், தமிழிலும் பேசலாம்.

என் ஒன்பது வருட நோட்டின் கூட்டல் இதோ: மொட்டைமாடி, 11,000 ரூபாய் லாபம். கோவா, 24,000 நஷ்டம். ஆப், 1,86,000 நஷ்டம். கிளப், ஏழு வாரம் முடங்கிய சம்பளமும் வீட்டில் என் வார்த்தைக்கு இருந்த மதிப்பும்.

அந்த மூன்று நம்பர்களையும் பிளாக் செய்துவிட்டேன். நீங்களும் இன்றைக்கே செய்துவிடுங்கள்.