பீரோவுக்கும் ஒரு நங்கூரம்!

உங்கள் வீட்டிலேயே ரொம்ப சாது யார் என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? (மனைவி பெயரைச் சொல்பவர்கள், அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார் என்று அர்த்தம்!) என்னைக் கேட்டால் பீரோ என்பேன். பேசாது. போனஸ் கேட்காது. சாவியைத் தொலைத்தால்கூட முறைக்காது. வைத்த இடத்தில் இருபது வருஷம் அப்படியே நிற்கும்.

ஒரே ஒரு ஆளிடம் மட்டும் அதன் சாதுத்தனம் செல்லாது. அந்த ஆளுக்கு வயது ஒன்றரை. உயரம் இரண்டரை அடிக்குக் கொஞ்சம் மேலே. எடை பத்து, பதினோரு கிலோ. நமக்கு அது இழுப்பறை. அவருக்கு அது மாடிப்படி!

"எனக்குக் கல்யாணமே ஆகலை சார், இது எதுக்கு?" என்று பக்கத்தைப் புரட்டப் போகும் பிரம்மச்சாரிகளே, ஒரு நிமிஷம். அக்கா லீவுக்கு வந்தால் பிள்ளையையும் தூக்கிக்கொண்டுதான் வருவாள். உங்கள் ரூமில் புத்தகத்தையும் பேண்ட்டையும் சுமந்துகொண்டு லொடலொடவென்று நிற்கிறதே ஒரு ஷெல்ஃப், அதுதான் அவனுக்கு முதல் மலையேற்றம்.

இந்தச் சமாசாரம் என் மண்டையில் ஏறியது பெரியபட்டினத்தில். ராமநாதபுரத்துக்குத் தெற்கே, கீழக்கரைக்குப் பக்கத்தில், மன்னார் வளைகுடாவைப் பார்த்தபடி இருக்கும் ஊர். ஒரு காலத்தில் பெரிய துறைமுகம். 1980-களில் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் இங்கே தோண்டிப் பார்த்தபோது சீனப் பீங்கான் துண்டுகள் கிடைத்தன; 13, 14-ஆம் நூற்றாண்டுச் சரக்கும் அதில் உண்டு. ஆக, வெளிநாட்டுச் சாமான் வந்து இறங்குவது இந்த ஊருக்கு எழுநூறு வருஷப் பழக்கம். அன்றைக்குக் கப்பலில் பீங்கான். இன்றைக்கு வளைகுடாச் சம்பளத்தில் டிரெஸ்ஸிங் டேபிள், ஷோகேஸ், அகல டிவி.

என் நண்பன் ஒருவன் அந்த ஊர்க்காரன். பி.காம். வகுப்பில் என் பக்கத்து இடம். இப்போது துபாயில் கணக்கு எழுதுகிறான். ஊர் பாஷையில் சபுராளி. இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை நாற்பது நாள் லீவு. நான் போயிருந்தபோது புது வீடு, புது ஃபர்னிச்சர், ஒன்றரை வயசுப் பையன் மூன்றும் ஒரே நேரத்தில் சேர்ந்திருந்தன.

சாயங்காலம் கடற்கரைக்குப் போனோம். அங்கே கட்டாமல் விட்ட பொருளே இல்லை. வள்ளத்துக்கு நங்கூரம். வலை மூட்டைக்குக் கயிறு. கொட்டகைக் கீற்றின் மேல்கூடக் குறுக்கே கயிறு. 1964 டிசம்பர் புயலைப் பார்த்த கடற்கரைப் பக்கமாயிற்றே! காற்றை நம்பி யாரும் எதையும் சும்மா விடுவதில்லை.

வீட்டுக்குத் திரும்பினால், நாலடி உயரத்தில் ஒரு இழுப்பறை அலமாரி. அதன் தலையில் டிவி. இரண்டும் எதனோடும் கட்டப்படாமல் வழவழ டைல்ஸ் மேல் சர்வ சுதந்திரமாக நிற்கின்றன. பையன் கீழ் இழுப்பறையை இழுத்து, அதில் ஒரு காலை வைத்துப் பரிசோதித்துக்கொண்டிருந்தான்.

"மச்சான், இதைச் சுவத்தோட சேத்துக் கட்டணும்டா" என்றேன்.

"அலமாரியையா? அது என்ன ஓடியா போயிரும்?"

ஓடாது. விழும்!

எப்படி என்று காமர்ஸ்காரன் பாஷையிலேயே சொல்கிறேன். அலமாரி நிற்பது ஒரு பேலன்ஸ் ஷீட் மாதிரி. முன்பக்க எடையும் பின்பக்க எடையும் சரிக்கட்டும்வரை பிரச்னை இல்லை. ஒரு இழுப்பறையை இழுத்தால் பின்னால் இருந்த எடை கொஞ்சம் முன்னால் டிரான்ஸ்ஃபர். மூன்றையும் இழுத்தால் மூன்று டிரான்ஸ்ஃபர். அப்புறம் நம்ம பத்து கிலோ ஆசாமி இழுப்பறையின் விளிம்பைப் பிடித்துத் தொங்குகிறார். அந்த விளிம்பு அலமாரியின் முன்காலைத் தாண்டி ஒரு அடி வெளியே இருக்கிறது. கடப்பாரையால் கல்லைப் புரட்டுகிற கணக்குதான். எவ்வளவு தள்ளி அழுத்துகிறோமோ அவ்வளவு பலம். டேலி ஆகாத கணக்கு அப்படியே முன்னால் சாய்கிறது. மேலே இருக்கும் டிவி வட்டி!

அடிபடுவது மட்டும் ஆபத்து இல்லை. கழுத்து, மார்பு மேல் பாரம் விழுந்தால் குழந்தையால் மூச்சு விட முடியாது. மூச்சில்லாமல் அழவும் முடியாது. அடுத்த அறையில் இருப்பவருக்கு ஒன்றுமே கேட்காமல் போகலாம்.

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. அமெரிக்காவில் நடந்த கதை இது. ஸ்வீடனில் பிறந்த ஐக்கியா கம்பெனி நமக்குப் புதிதல்ல. இந்தியாவில் முதல் கடையை 2018-ல் ஹைதராபாத்தில் திறந்தார்கள். 'மால்ம்' என்ற அவர்களுடைய இழுப்பறை அலமாரி அங்கே வீட்டுக்கு வீடு பிரசித்தம். குழந்தைகள் மேல் அது விழ ஆரம்பித்ததும், 2015-ல் 'சுவரோடு பிணைத்துக்கொள்ளுங்கள்' என்று சாதனங்களை இலவசமாகக் கொடுத்தார்கள். விபத்து நிற்கவில்லை. 2016 ஜூனில் மால்ம் உள்பட 2 கோடியே 90 லட்சம் அலமாரிகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார்கள். அதற்குள் 6 குழந்தைகள் போய்விட்டன. அந்த வருஷக் கடைசியில் மூன்று குடும்பங்களுக்கு 5 கோடி டாலர் கொடுத்து வழக்கு முடிந்தது.

முடிந்ததா? 2017 மே மாதம், கலிஃபோர்னியாவில் 2 வயதுப் பையன் ஒருவனைத் தூங்கப் போட்டுவிட்டுப் போனார் அப்பா. பிறகு வந்து பார்த்தபோது பையன் அலமாரிக்கு அடியில். அது சுமார் 32 கிலோ எடை. திரும்பப் பெறும் பட்டியலில் ஏற்கெனவே இருந்த மாடல். அறிவிப்பு தங்களுக்கு எட்டவே இல்லை என்றார்கள் பெற்றோர். 2020-ல் அவர்களுக்கு 4 கோடியே 60 லட்சம் டாலர். கணக்குப் படித்த எனக்கே அந்தத் தொகையை எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று தெரியவில்லை.

இப்படிப் பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோர்கள் ஒன்றுசேர்ந்து கதவு கதவாகத் தட்டினார்கள். 2022 டிசம்பரில் சட்டம் வந்தது. 2023 செப்டம்பர் 1 முதல் அங்கே தயாராகும் துணி அலமாரிகள், 27 அங்குலமோ அதற்கு மேலோ உயரம் இருந்தால், 27 கிலோ வரையுள்ள குழந்தை ஏறித் தொங்கினாலும் சாயாமல் நிற்க வேண்டும். இழுப்பறைகளில் சுமை ஏற்றித் திறந்து வைத்தும் சோதிக்கிறார்கள்.

'கட்டிக்கொள்ளுங்கள்' என்று வீட்டுக்காரரிடம் சொன்னது போதவில்லை; 'விழாத மாதிரி செய்' என்று செய்கிறவனிடமும் சொல்ல வேண்டி வந்தது. நாம் ஆசாரியிடம் அலமாரிக்கு அளவு கொடுக்கும்போது பாலிஷ் பற்றிப் பேசுவோம், கைப்பிடி பற்றிப் பேசுவோம். பிள்ளை ஏறினால் நிற்குமா என்று எத்தனை பேர் கேட்கிறோம்?

நண்பனின் உம்மா இதையெல்லாம் கேட்டுக்கொண்டே இருந்தார். "நாங்க அஞ்சு புள்ளைய வளத்தோம் தம்பி. எந்தப் பீரோவக் கட்டுனோம்? கண்ணுல வச்சுப் பாத்துக்கிட்டாப் போதாதா?"

நியாயமான கேள்வி. பதிலும் அவரிடமே இருந்தது. "உங்க வீட்டுல அப்ப என்னென்ன சாமான் இருந்துச்சு உம்மா?" என்று கேட்டேன். பாய், தலையணை, ஒரு கட்டில், துணி வைக்க மரப்பெட்டி. அவ்வளவுதான். எல்லாம் தரையோடு தரை. மரப்பெட்டியை நகர்த்த நாலு ஆள் வேண்டும். அதன் மேல் குழந்தை ஏறினால் குழந்தை விழும், பெட்டி விழாது! இப்போது சாமான்கள் உயர்ந்துவிட்டன, எடை குறைந்துவிட்டது. மரத்தூளை அழுத்திச் செய்த பலகையில் ஆளுயர அலமாரி வருகிறது. வீடு மாறிவிட்டது, புத்திமதி மட்டும் பழையது.

கண்களும் குறைந்துவிட்டன. அன்றைக்குக் கூட்டுக் குடும்பத்தில் பத்துப் பேர். இன்றைக்கு அப்பா கடலுக்கு அந்தப் பக்கம், இல்லாவிட்டால் ஆபீஸில். உலை வைத்துவிட்டுப் பிள்ளையையும் பார்த்துக்கொள்ள அம்மாவுக்கு என்ன, முதுகிலும் கண்ணா இருக்கிறது? அந்தக் கலிஃபோர்னியாப் பையன் தூங்குகிறான் என்றுதானே நினைத்தார்கள்!

சரி, என்ன செய்ய வேண்டும்? ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை போதும்.

ஹார்டுவேர் கடையில் இரண்டு எல் ஆங்கிள், ஸ்குரூ, பிளக் வாங்குங்கள். அலமாரியின் மேல்பக்கத்தில், முதுகில் இருக்கும் மெல்லிய பிளைவுட்டில் அல்ல, கெட்டியான சட்டத்தில் முடுக்குங்கள். சுவரில் வெறும் பூச்சோடு நிற்காமல் செங்கல் வரை ஓட்டை போடச் சொல்லுங்கள். கடற்கரை ஊர் என்றால் துருப்பிடிக்காத ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்குரூதான். உப்புக் காற்று சாதா இரும்பைத் தின்றுவிடும். எந்த ஊரானாலும் அவ்வப்போது ஆட்டிப் பாருங்கள்.

வாடகை வீடா? ஹவுஸ் ஓனரிடம் கேளுங்கள். காலி செய்யும்போது இரண்டு ஓட்டையை அடைக்க ஒரு கைப்பிடி வெள்ளை சிமெண்ட் போதும். அதற்கும் மசியாவிட்டால் உயரமான, லேசான சாமானைக் குழந்தை புழங்கும் அறையிலிருந்து வெளியேற்றுங்கள்.

கனமான துணி கீழ் இழுப்பறையில், லேசானது மேலே. ரிமோட், செல்போன், பிஸ்கட் டின் மூன்றையும் அலமாரித் தலையில் வைக்காதீர்கள். அது குழந்தைக்கு அனுப்பும் அழைப்பிதழ். டிவியைச் சுவரில் மாட்டுங்கள், அல்லது தாழ்வான ஸ்டாண்டில் வைத்துப் பின்னால் இழுத்துக் கட்டுங்கள். பழைய குண்டு டிவிக்கு முன்கண்ணாடிதான் கனம். சாய்ந்தால் முகம் குப்புறத்தான் விழும். 2006-லிருந்து அரசு கொடுத்த இலவச கலர் டிவி இன்னும் உங்கள் அலமாரித் தலையில் இருந்தால் முதலில் கீழே இறக்குங்கள். கட்டிலையும் நாற்காலியையும் ஜன்னலிலிருந்து தள்ளிப் போடுங்கள். டீப்பாய் முனைகளுக்குப் பழைய சைக்கிள் டியூபை வெட்டிப் பொருத்தினாலே நெற்றி தப்பும்.

தூளியை மறக்கக் கூடாது. அதைவிடச் சுகமான படுக்கை உலகத்தில் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் காலித் தூளியில் பெரிய பிள்ளைகள் ஏறி முறுக்கி விளையாடும்போது சேலை கழுத்தில் சுற்றி உயிர் போன செய்திகள் நம் பத்திரிகைகளில் வந்துகொண்டுதான் இருக்கின்றன. குழந்தையைத் தூக்கியதும் துணியைச் சுருட்டி எட்டாத உயரத்தில் கட்டிவிடுங்கள். உத்தரத்துக் கொக்கி துருப்பிடித்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

மரத் தொட்டிலா? கம்பிகளுக்கு இடையில் 6 சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி ஆகாது. உடம்பு நுழைந்து தலை மாட்டிக்கொள்ளும். தலைமுறையாக வரும் தொட்டில் என்றால் பெயிண்டையும் கவனியுங்கள். பல் முளைக்கும் பிள்ளை அதைத்தான் கடிக்கும். வீட்டு பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று இந்தியாவில் 2016-ல் விதி போட்டு, 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முந்திய பெயிண்ட் உரிந்துகொண்டிருந்தால் அந்தத் தொட்டில் பரணுக்குப் போகட்டும். வீட்டுக்குள் வைத்து உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். அந்தத் தூசியே விஷம்.

மறுநாள் ஆசாரி வந்தார். "பீரோ திருட்டுப் போயிரும்னு பயமா?" என்று கேட்டுச் சிரித்துக்கொண்டே அரை மணி நேரத்தில் வேலையை முடித்தார். மொத்தச் செலவு, நாங்கள் இருவரும் ராத்திரி சாப்பிட்ட பிரியாணியை எட்டவில்லை.

நண்பன் துபாய் போய்ச் சேர்ந்துவிட்டான். வீடியோ காலில் "சாப்பிட்டியா?" என்ற முதல் கேள்விக்கு அடுத்ததாக இப்போது இன்னொரு கேள்வி சேர்ந்திருக்கிறதாம்: "ஆட்டிப் பாத்தியா?" மனைவி போனை ஒரு கையில் பிடித்தபடி, மறுகையால் அலமாரியைப் பிடித்து இழுத்துக் காட்ட வேண்டும். காட்டினால்தான் மற்ற பேச்சு!

அவன் மூவாயிரம் கிலோமீட்டர் தள்ளி இருக்கிறான். கேட்டுத்தான் தெரிந்துகொள்ள முடியும். உங்கள் பீரோ அடுத்த அறையில்தானே இருக்கிறது? புத்தகத்தை மூடிவிட்டு எழுந்துபோய் ஒரு தடவை ஆட்டிப் பாருங்களேன்.