கார் கண்ணாடி கழுவும் தண்ணீரில் நாற்றமா? டிரைவர்களே உஷார்!

உடையார்பாளையம்:-

அரியலூர் மாவட்டம் உடையார்பாளையம் வழியாக செல்லும் திருச்சி-சிதம்பரம் தேசிய நெடுஞ்சாலையில் கார், வேன், லாரிகள் இரவு பகலாக ஓடுகின்றன. சிமெண்டு ஆலைகளும், சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் நிறைந்த மாவட்டம் என்பதால் புழுதிக்கு பஞ்சமில்லை. முன்பக்க கண்ணாடியில் தண்ணீர் அடித்து வைப்பர் போடாமல் வண்டி ஓட்டுவது சிரமம்.

அப்படி தண்ணீர் அடித்ததும் சில வண்டிகளில் குப்பென்று நாற்றம் கிளம்பும். "எலி ஏதும் செத்துக் கிடக்கா" என்று சீட்டுக்கு அடியில் தேடுபவர்கள் உண்டு. சென்ட் பாட்டில் வாங்கி மாட்டுபவர்களும் உண்டு. ஆனால் கோளாறு இருப்பது பானெட்டுக்கு அடியில் உள்ள தண்ணீர் டப்பாவில்.

காரணம் என்ன?

இந்த பிளாஸ்டிக் டப்பாவில் இருந்து சின்ன மோட்டார் தண்ணீரை இழுத்து, ரப்பர் டியூப் வழியாக கண்ணாடியில் பீய்ச்சுகிறது. டப்பாவை யாரும் கழுவுவதில்லை. குறைய குறைய குழாய் தண்ணீரையோ, போர் தண்ணீரையோ ஊற்றுவதோடு சரி.

நாள்கணக்கில் தேங்கும் தண்ணீர் என்ஜின் சூட்டில் வெதுவெதுப்பாகவே இருக்கும். பாசியும், பாக்டீரியா கிருமிகளும் பெருக இது போதும். டப்பாவின் உள்பக்கமும், டியூபுக்குள்ளும் வழவழவென்று ஒரு படலம் படியும். நாற்றம் அதில் இருந்துதான் வருகிறது.

கண்ணாடிக்கு கீழேதான் வண்டிக்குள் வெளிக்காற்று இழுக்கும் வழியும் இருக்கிறது. அதனால் வெளியே அடித்த தண்ணீரின் வாடை உள்ளே வந்துவிடுகிறது. தண்ணீர் அடிக்காமல் ஏ.சி. போட்டாலே நாறினால் அது ஏ.சி. கோளாறு. அதற்கு ஏ.சி. மெக்கானிக்கைத்தான் பார்க்க வேண்டும்.

நுரையீரலுக்கும் ஆபத்து

விஷயம் நாற்றத்தோடு நிற்கவில்லை. 1976-ம் ஆண்டு அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் மாநாட்டுக்கு வந்த முன்னாள் ராணுவத்தினர் பலர் மர்ம நிமோனியா காய்ச்சலில் இறந்தனர். அதற்கு காரணமான கிருமிக்கு பின்னர் 'லெஜியோனெல்லா' என்று பெயர் வைக்கப்பட்டது. வெதுவெதுப்பான தேங்கிய தண்ணீரில் வளரும் இந்த கிருமி, நீர்த்திவலையோடு மூச்சில் போனால் நுரையீரலை தாக்கும்.

இங்கிலாந்தில் வண்டி ஓட்டி பிழைப்பவர்களுக்கு இந்த நோய் அதிகம் வருவது ஏன் என்று அந்நாட்டு சுகாதார பாதுகாப்பு முகமை ஆராய்ந்தது. கண்ணாடி கழுவும் டப்பாவில் வெறும் தண்ணீர் ஊற்றுவது ஒரு காரணமாக இருக்கலாம் என்று 2010-ல் தெரிவித்தது. அப்போது நடந்த சிறிய சோதனையில், வெறும் தண்ணீர் ஊற்றிய கார்களில் ஐந்தில் ஒன்றில் இந்த கிருமியின் தடயம் இருந்தது. இதற்கென உள்ள கழுவும் திரவம் கலந்த கார்களில் இல்லை.

நம்மூர் போல வெயில் கொளுத்தும் அமெரிக்காவின் அரிசோனாவில், பள்ளி பஸ்களில் எடுத்த மாதிரிகளில் சுமார் 75 சதவீதத்தில் இந்த கிருமி இருந்ததாக 2014-ல் ஆய்வாளர்கள் கூறினர். சில வகை திரவத்தில் கூட அது பல மாதம் உயிரோடு இருக்குமாம். ஆகவே டப்பாவை சுத்தம் செய்யாமல் மேலே திரவத்தை மட்டும் ஊற்றினால் பத்தாது.

இதற்காக பீதி வேண்டாம். இது அடிக்கடி வரும் நோய் அல்ல. ஆனாலும் தினமும் 10 மணி நேரம் ஸ்டீயரிங் பிடிப்பவர்கள் அலட்சியமாக இருக்கக்கூடாது.

சுத்தம் செய்வது எப்படி?

* என்ஜின் ஆறியதும் பழைய தண்ணீரை டியூப் போட்டு வெளியேற்றவும். வாயால் உறிஞ்சக்கூடாது. முகத்தில் துணியோ, மாஸ்க்கோ கட்டிக்கொள்வது நல்லது.

* வெதுவெதுப்பான தண்ணீரும், வெள்ளை வினிகரும் சரிபாதி கலந்து ஊற்றவும். கொதிநீர் வேண்டாம், பிளாஸ்டிக் நெளிந்துவிடும். சிறிது கண்ணாடியில் அடித்தால் டியூபுக்குள்ளும் வினிகர் போகும். அரை மணி நேரம் ஊறவிடவும். போர் தண்ணீரின் உப்புக்கறையும் இளகும்.

* பிறகு நல்ல தண்ணீர் ஊற்றி இரண்டு, மூன்று தடவை அலசவும். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் அடித்துப் பார்க்கவும். சுவிட்சை தொடர்ந்து அழுத்தினாலோ, தண்ணீர் இல்லாமல் ஓட்டினாலோ மோட்டார் கருகிவிடும்.

* பீய்ச்சும் துளை அடைத்திருந்தால் மெல்லிய ஊசியால் குத்தி எடுக்கவும்.

* கடைசியாக கழுவும் திரவத்தை, டப்பாவில் போட்டுள்ள அளவுப்படி ஆர்.ஓ. தண்ணீரில் கலந்து ஊற்றவும்.

இதையும் செய்தும் நாற்றம் போகாவிட்டால் டப்பாவையே கழற்றி கழுவ வேண்டும். அதை பட்டறையில் விடுவதே நல்லது.

செய்யக்கூடாதவை

சோப்புத்தூள், ஷாம்பு ஊற்றினால் நுரை கட்டும், துளை அடைக்கும். பிளீச்சிங் கரைசல் பெயிண்டையும், ரப்பரையும் கெடுக்கும். பிளீச்சிங்கை வினிகரோடு கலந்தால் விஷவாயு கிளம்பும். எக்காரணம் கொண்டும் இரண்டையும் சேர்க்கக்கூடாது.

ஊற்றும்போது மூடியை பார்த்து ஊற்ற வேண்டும். கண்ணாடியும் நீரூற்றும் போல படம் போட்ட மூடிதான் இதற்கு உரியது. தவறி பிரேக் ஆயில் டப்பாவில் தண்ணீர் ஊற்றினால் பிரேக்குக்கே ஆபத்து. கழுவும் திரவம் விஷம் என்பதால் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைக்கவும்.

நாற்றம் அடிக்கும் வண்டியை சுத்தம் செய்யும் வரை, தண்ணீர் அடிக்கும்போது ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டு, வெளிக்காற்று வராதபடி சுவிட்சை மாற்றிக்கொள்ள வேண்டும். கடும் காய்ச்சல், இருமல், மூச்சுத்திணறல் வந்தால் டிரைவர்கள் தாமதிக்காமல் டாக்டரை பார்த்து, தாங்கள் செய்யும் தொழிலையும் சொல்ல வேண்டும். இந்த நோய்க்கு மருந்து இருக்கிறது. சீக்கிரம் ஆரம்பித்தால் குணப்படுத்த முடியும்.